நாலு குப்பியும் ஒரே நிறம்

ரஹ்மத் பீவிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சேத்தூர் மீரா ராவுத்தருக்கு நாலும் பெண். மூத்தது ரெண்டும் கடைசியும் வைத்த இடத்தில் இருக்கும். மூணாவதான இவள், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அது கொதிக்குமுன்னே வாசலுக்கு ரெண்டு நடை, கொல்லைக்கு ரெண்டு நடை போய்வந்துவிடுவாள். ராஜபாளையத்து அத்தை மகன் சேக் முகைதீனுக்கு என்று சின்னதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவர் அப்போது லாரி டிரைவர், வாரத்தில் ரெண்டு நாள்தான் வீட்டில் தங்குவார். "ரெண்டும் நிக்காத வண்டி, சரியாத்தான் சேர்ந்திருக்கு" என்று மீரா ராவுத்தர் சொல்லிச் சிரிப்பாராம்.

லாரியை விட்ட பிறகு சேக் முகைதீன் ஒரு மெட்டடார் வேன் வாங்கினார். ஒன்று மூன்றானது. ராஜபாளையத்து நூல் மில்லுக்கு வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்கும் காண்ட்ராக்டு கிடைத்தது. வ. புதுப்பட்டியில் ஏற்றி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வழியெல்லாம் நிறுத்தி, காலையில் மில் வாசலில் கொண்டுவந்து விடவேண்டும். சாயந்தரம் அதே வழியில் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். வண்டிக்கு இருபது பேர் என்று பேச்சு. ஆனால் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து முப்பது பேராவது வருவார்கள்.

எண்பத்தாறு ஆவணியில் சேக் முகைதீன் நெஞ்சுவலி என்று படுத்தவர் மறுநாள் மவுத்தாகிப் போனார். ரஹ்மத் பீவி இத்தா இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வெளியே தலை காட்டாமல் ஒரே வீட்டுக்குள். கால் நிற்காத மனுஷிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நாலு மாசமும் மூணு வண்டியையும் கட்டி மேய்த்தது அய்யூப். சேக் முகைதீனுக்கு ஒரே தம்பி. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பத்து வருஷம். தாய் இல்லாமல் அண்ணன் தோளில் வளர்ந்தவன், ஸ்டேரிங் பிடிக்கக் கற்றதும் அண்ணன் மடியில் உட்கார்ந்துதான்.

இத்தா முடிந்த மறுநாள் ரஹ்மத் பீவி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேராக மில்லை ஒட்டிய வேன் ஷெட்டுக்குப் போய், சேக் முகைதீன் உட்கார்ந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஊர் சும்மா இருக்குமா? "ஓட்டுறது தம்பி, ஒக்காருறது மதினியா" என்று சொந்தத்துக்குள்ளேயே ஒரு பேச்சு ஓடியது. அய்யூப் காதிலும் விழுந்திருக்கும். அவன் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. காலையில் வந்து, "மதினி, சாவி" என்று கையை நீட்டுவான். அவ்வளவுதான்.

ஆள் நல்ல கட்டுமஸ்து. ஜலதோஷம் என்று ஒரு நாள் படுத்தவன் இல்லை. ஷெட்டில் மாற்று ஆளோடு சேர்த்து இருந்த மற்ற மூணு டிரைவர்களும், அதாவது சமுத்திரமும் முத்துராமலிங்கமும் சத்தியநேசனும், அவனுக்கு 'இரும்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டு பரோட்டா தின்றுவிட்டு அடுத்தவன் இலையைப் பார்ப்பான்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது எண்பத்தொன்பது பங்குனியில் வடக்கே வேறொரு ஊரில், வேறொரு மில்லுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் புளியமரத்தில் மோதியது. டிரைவருக்கு ஸ்டேரிங்கிலேயே வலிப்பு வந்துவிட்டது. ஏழு பெண்பிள்ளைகள் செத்துப்போனார்கள். அவனுக்கு வலிப்பு உண்டு என்று வண்டி முதலாளிக்குத் தெரியும் என்றும், தெரிந்தேதான் அனுப்பினான் என்றும் பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து பத்தாம் நாள் ரஹ்மத் பீவிக்கும் மில்லிலிருந்து ஒரு கடிதாசி வந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மில் டைம் ஆபீஸ் கிளார்க் வைகுண்டராஜிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல பீவியம்மா. டிரைவர்களோட உடல் தகுதிக்கு வாகன உரிமையாளரே முழுப் பொறுப்பு. அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் ஒவ்வொருத்தருக்கும் வச்சுக் குடுக்கணும். கீழ நீங்க கையெழுத்துப் போடணும்."

"முழுப் பொறுப்புன்னா?"

"அவன் மயங்கி விழுந்தான்னா நீங்க விழுந்ததா அர்த்தம்."

"அவன் உடம்புக்குள்ள நான் எப்படிய்யா போய்ப் பாக்க?"

வைகுண்டராஜ் சிரித்தான். "நீங்க எதுக்குப் பாக்கீங்க? மத்த காண்ட்ராக்டர் எல்லாம் எப்படிச் செய்தாங்க? நாலு லைசென்ஸையும் ரப்பர் பேண்டு போட்டு ஏதாச்சும் ஒரு டாக்டர் வீட்டுக்குக் குடுத்து விட்டா, சாயந்தரம் கையெழுத்தாகி வந்துரும்."

"ஆளு போக வேண்டாமா?"

"ஆளு எதுக்கு? மில்லு கேக்குறது பேப்பர்."

கடிதாசியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். பொறுப்பு என்ற அந்த ஒரு சொல் கண்ணில் விழுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. சாயந்தரம் வண்டி கிளம்பும்போது ஷெட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள். முப்பத்திரண்டு. அதில் ஒருத்தி வாய் நிறைய சிரிப்போடு, "என்னத்த எண்ணுதீங்க? நாங்க என்ன கோழிக்குஞ்சா?" என்று கேட்டாள். ரஹ்மத் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்டிப்பான ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஆளைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். முதலில் நாலு பேருடைய விடியற்காலை மூத்திரத்தையும் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கிற தேவஇரக்கம் லேபில் கொடுத்துப் பார்க்கவேண்டும். அந்தச் சீட்டோடு ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவேண்டும். கண், காது, ரத்தக் கொதிப்பு எல்லாம் தானே பார்ப்பதாகச் சொன்னார். அவள் திரும்பி வந்து நாலு சின்னக் குப்பி வாங்கி, பிளாஸ்திரி ஒட்டி, சத்தியநேசனை விட்டு ஆளுக்கொரு பெயர் எழுதி ஷெட்டு ஜன்னலில் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல எனக்கு நாலும் வேணும்" என்றாள்.

நாலு டிரைவர்களும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் நாலும் இருந்தது. ஒரு கூடையில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "என்னக்கா, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரமா?" என்றான். "உனக்கு வேண்டாம், அந்தப் பக்கம் போ" என்று கூடையை மடியில் இடுக்கிக்கொண்டாள்.

தேவஇரக்கத்துக்கு ஐம்பது வயசு இருக்கும். லேபுக்கு எதிர்த்தாப்பில் பால்கோவா கடை. "கர்த்தர் எனக்கு இடத்தைப் பார்த்துத்தான் குடுத்திருக்கார்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். நாலு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, ஒவ்வொன்றிலும் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று ஏறும். உச்சத்துக்குப் போனால் செங்கல் நிறம். முதல் குழாய் கொதித்தது. செங்கல். ரெண்டாவது, செங்கல். மூணாவதைக் காட்டும்போதே அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். நாலும் சுட்ட செங்கலாக வரிசையாக நின்றது.

"ஏம்மா, நாலு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?"

"இல்லியே, நாலும் நாலு ஜாதி."

"அப்ப நாலு பேருக்கும் வாய்தான் வேற வேற. இது ஒருத்தன்கிட்ட இருந்து வந்தது. ஒருத்தனுக்கு இருக்குது. எக்கச்சக்கமா இருக்குது. அவன இன்னும் ரோட்டுல விட்டு வச்சிருக்கீங்களா?"

ரஹ்மத் பீவி கூடையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

ஷெட்டில் மூணு பேர் இருந்தார்கள். அய்யூப் மில்லுக்குப் போயிருந்தான். மூணு பேரையும் நிற்க வைத்து யாருடையது என்று கேட்டாள். சமுத்திரம் மேல்கூரையைப் பார்த்தான். முத்துராமலிங்கம் டயரை உதைத்துப் பார்த்தான். சத்தியநேசன் பொய் சொல்ல வராத பிள்ளை. ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் பாடுகிறவன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, சமுத்திரம் அண்ணன் முந்தின நாள் தண்ணி போட்டிருந்தாரு. அது தெரிஞ்சுரும்னு பயந்தாரு. முத்து அண்ணனுக்குச் சின்னதுல மஞ்சக்காமாலை வந்ததாம், அது இன்னும் இருக்குமோன்னு..."

"நீ?"

"எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"சரி. யாரோடது?"

"இரும்பு அண்ணனோடதுதான். நம்ம நாலு பேருல சீக்கே இல்லாத ஆளு அவருதானேன்னு நாங்கதான் கேட்டோம். அவரும் சிரிச்சுக்கிட்டே, புடிங்கலேன்னு நாலுலயும்..."

ரஹ்மத் பீவி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்தாள். வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தையில் முடியும், 'சாவியை வை, வைத்தியம் பார்த்துக்கொண்டு வா' என்று. அய்யூப்பிடம் எப்படிச் சொல்லுவது? அண்ணன் வண்டியிலிருந்து தம்பியை இறக்கிவிட்டாள் என்றுதான் பேச்சு வரும். ஒரு குப்பி மூத்திரத்தைக் காரணம் காட்டித் துரத்திவிட்டாள் என்பார்கள். அவனும் அப்படித்தான் நினைப்பான்.

அப்படியேதான் நினைத்தான். சாயந்தரம் தனியாக உட்கார வைத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தவன் முகம் கறுத்தது.

"இத எம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தீங்க மதினி?"

"எத தம்பி?"

"என்னைய எறக்கணும்னு. நேரா சொல்லியிருக்கலாம்ல. குப்பிய எதுக்குத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட வா. அவரு ஓட்டலாம்னு சொன்னா நான் வாயே தொறக்கல."

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் வரமாட்டேன். எங்க அண்ணன் வண்டி இது."

"உங்க அண்ணன் வண்டிதான். ஒன் வண்டின்னே வச்சுக்க. உள்ள ஏறுற புள்ளைங்க நம்ம வீட்டுது இல்லய்யா."

அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து கையை நீட்டினான், 'மதினி, சாவி' என்று சொல்லாமல். சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் ஏறுமுன் இவளும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வாரீங்க?"

"நானும் வாரேன். விழுந்தா சேர்ந்து விழுவோம்."

மூணு நாள் அப்படிப் போனாள். துப்பட்டி போர்த்திய பொம்பளை மில் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறாள் என்று கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் எழுந்து நின்று பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு, "வேவு பாக்க வந்திருக்காங்கடி" என்று காதுக்குள் பேசினார்கள். ரஹ்மத் பீவி ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணை எத்தனை தரம் இடுக்குகிறான், எத்தனை தரம் தண்ணீர் குடிக்கிறான் என்று பார்த்தாள். புதுப்பட்டிக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் மூணு தரம் இறங்கி ஒதுங்கினான். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் காலி பண்ணினான். ஆனால் வண்டியை என்னமாக ஓட்டினான்! பிரேக் போடுவது தெரியாது. பள்ளத்தில் இறக்குவது தெரியாது. மூணாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு வெள்ளாடு குறுக்கே பாய்ந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் ஸ்டேரிங்கை ஒடித்தான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது, ஆடு தப்பியது. யார் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் ஒடித்திருப்பார்கள். அப்படித்தானா? அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முழுதும் அதே ஆடுதான் அவளுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடியது.

நாலாம் நாள் சாயந்தரம் அவள் ஏறவில்லை. மில் விட்டு வந்த பிள்ளைகள் ஷெட்டு வாசலில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் சாவியை எடுத்து சத்தியநேசன் கையில் வைத்தாள். நீட்டிய கையோடு நின்றான் அய்யூப். முப்பது பெண்பிள்ளைகளும் வேனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை மடக்கினான், செருப்பை மாட்டினான், தெற்குப் பக்கம் நடந்தான். சத்தியநேசன் மூணாவது தரம் சாவியைத் திருகிய பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆனது.

ராத்திரியே மதார் சாகிப் வந்துவிட்டார். சேக் முகைதீனுக்குச் சின்னத்தா, அதாவது சித்தப்பா. குடும்பத்தில் எந்தப் பஞ்சாயத்தும் அவர் இல்லாமல் நடக்காது.

"ஏட்டி ரஹ்மத்து, அவன் அழுதுட்டான். சின்னதுல அவங்க அம்மா மவுத்துக்கே அழாத பய."

"மாமா, மூணு வண்டில ஒண்ண அவன் பேருக்கு எழுதித் தாரேன். நாளைக்கே எழுதுவோம். ஆனா வைத்தியம் பாத்து டாக்டர் சொல்ற வரைக்கும் ஸ்டேரிங்க தொடக்கூடாது."

மதார் சாகிப் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஓட்டாத டிரைவருக்கு வண்டி எதுக்குட்டி? மீன்காரனுக்குக் குளத்த எழுதிக் குடுத்துட்டு வலைய புடுங்கின மாதிரி இருக்கு. இந்தா பாரு, யாருக்குத்தான் சர்க்கரை இல்ல? எனக்கும் இருக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க வண்டி ஓட்டலியே மாமா."

"அது வேற பேச்சு" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் அய்யூப் பொண்டாட்டி ஹாஜரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். "அக்கா, திங்கக்கிழமையில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் காசிராஜன் லாரிக்குப் போறாரு. பஞ்சு லோடு, கோயமுத்தூருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க" என்றவள், வந்த வழியே போய்விட்டாள்.

வேறு ஒருத்தி என்றால் 'அப்பாடா' என்றிருப்பாள். தன் வண்டி இல்லை, தன் பொறுப்பும் இல்லை. மில்லுக் கடிதாசியில் அடுத்தவன் லாரியைப் பற்றி ஒரு எழுத்தும் கிடையாது. ரஹ்மத் பீவியும் அப்படிச் சொல்லித்தான் பார்த்தாள், தனக்குத்தானே. முன்னூறு கிலோமீட்டர், பத்து டன் பஞ்சு, எதிரே வருகிறவர்கள் யார் யாரோ. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பஸ் ஏறி காசிராஜன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

காசிராஜனுக்கு ஆறு லாரி. ஈஸிசேரில் சாய்ந்து நுங்கு உரித்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கொழுந்தன் பொழப்புல மண்ணள்ளிப் போட பஸ் ஏறியா வந்தீங்க?"

"அவனுக்கு இருக்கிற சர்க்கரைக்கு எந்த நேரமும் கண்ணு மங்கும், தலை சுத்தும்னு லேபுச் சீட்டப் பாத்துட்டு டாக்டர் சொன்னாரு. வைத்தியம் பாக்க மாட்டேங்கான்."

"லைசென்ஸ் இருக்கு. கை காலு இருக்கு. எனக்கு அது போதும்மா. ஒவ்வொரு டிரைவர் உடம்பையும் தொறந்து பாத்துக்கிட்டிருந்தா லோடு எப்ப ஏத்துறது?"

"நீங்க தொறந்து பாக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வந்து சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

காசிராஜன் நுங்கைத் தட்டில் வைத்தார். பிறகு ஒரேயடியாகக் கோபம் வந்துவிட்டது. "நான் உங்ககிட்டக் கேட்டனா? கேட்டனா சொல்லுங்க! நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன். எதுக்கும்மா வந்து சொன்னீங்க?"

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலையில் காசிராஜன் சாவி கொடுக்கவில்லை. 'ஒன் மதினி வந்துட்டுப் போச்சு' என்று மட்டும் சொன்னாராம். அய்யூப் அங்கிருந்து நேராக ராஜபாளையம் வந்து ரஹ்மத் பீவி வீட்டு முற்றத்தில் நின்று கத்தினான். தெருவே கூடிவிட்டது. தன் வண்டியிலும் ஏறவிடவில்லை, அடுத்தவன் வண்டியிலும் ஏறவிடவில்லை, என்னை மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் ஓய்வாளா என்று கேட்டான். ரஹ்மத் பீவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவன் ஒருத்தன் மேலும் மோதவில்லை. அவனால் ஒரு ஆட்டுக்குக்கூடக் காயம் இல்லை.

பின்னாலேயே ஓடி வந்த ஹாஜராதான் பேசினாள். அந்தப் பெண் தெருவில் நின்று சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"போதும் நிறுத்துங்க. மதினிய எதுக்குக் கேக்கீங்க? என்னையக் கேளுங்க. ஆறு மாசமா மாலையில வெளிச்சம் மங்கினா வாசப்படி தெரியாம தடுக்குதீங்க. தட்டுல கறி எது எலும்பு எதுன்னு கையால தடவிப் பாக்கீங்க. கால்ல பட்ட காயம் ஆறவே மாட்டேங்குது, மறைச்சு மறைச்சுத் துணி கட்டுதீங்க. தினம் வண்டி திரும்புற வரைக்கும் நான் வாசல்லயே நின்னேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? உங்க முகத்தப் பாக்கிற ஆசையிலயா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அய்யூப் பெண்டாட்டியைப் பார்த்தான். அப்படியே முற்றத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மதார் சாகிப் துணையோடு மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனான். கண்ணுக்குள் பின்பக்கம் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். எத்தனை நாளாக என்று சொல்ல முடியாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், பெரிய வண்டி ஓட்டுவது இனிமேல் வேண்டாம் என்றார்கள். மாத்திரை, பத்தியம், பிறகு ஊசி. எட்டு பரோட்டாவுக்குப் பதிலாக கேப்பைக்களி உருண்டை ரெண்டு. ஷெட்டில் 'இரும்பு' என்று கூப்பிடுவதை எல்லாரும் தாங்களாகவே விட்டுவிட்டார்கள்.

ரஹ்மத் பீவி சொன்னபடி ஒரு வண்டியை அவன் பெயருக்கு எழுதினாள். அவனும் ஷெட்டுக்கு வந்தான். என்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லுகிற காது அவனுக்கு. மூணு வண்டியும் அவன் கைபடாமல் கிளம்பாது என்றாகிவிட்டது. ஆனால் மதினியோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே ஷெட்டு, நடுவில் ஒரு மேசை. "சத்தியநேசா, ரெண்டாம் நம்பருக்குப் பேன் பெல்ட்டு வாங்கணும்னு அவியகிட்டச் சொல்லு" என்பான். "வாங்கிக்கிடச் சொல்லு" என்பாள் அவள், ரெண்டு கை தூரத்தில் இருந்துகொண்டு. சத்தியநேசன் ஆரம்பத்தில் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பி ஒப்பித்தான். பிறகு அவனுக்கும் அலுத்துப்போய், காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பான். அப்போதும் இவர்கள் நிறுத்தவில்லை. நோன்புப் பெருநாளைக்கு ஹாஜராவும் பிள்ளைகளும் பிரியாணிச் சட்டியோடு வருவார்கள். அய்யூப் தெருமுனை வரை வந்து நின்றுகொள்வான்.

டாக்டர் பரிசோதனை ஆறு மாசத்துக்கு ஒருமுறை என்று ரஹ்மத் பீவி வைத்துவிட்டாள். மில்லு கேட்டது வருஷத்துக்கு ஒன்று. இனிமேல் குப்பியெல்லாம் லேபிலேயே, தேவஇரக்கம் கண் முன்னால். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். முத்துராமலிங்கமும் புதிதாகச் சேர்ந்த ஒருத்தனும் வேலையை விட்டுப் போனார்கள். போனவர்கள் சேர்ந்த இடத்துக்கே தேடிப்போய், உடம்பைக் காட்டினார்களா என்று விசாரிக்கவும் செய்வாள். "ஓனர் அக்காகிட்ட வேலை பாத்தா சாவுற வரைக்கும் மூத்திரம் பேஞ்சு காட்டணும்" என்று சமுத்திரம் கிண்டல் பண்ணுவான். ஆனாலும் அவன் போகவில்லை.

இப்படி அஞ்சு வருஷம்.

தொண்ணூத்திநாலு ஆடியில் ஒரு பகல், சாப்பாட்டு நேரம். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. அய்யூப் வந்து மேசைக்கு முன்னால் நின்றான். சட்டைப்பை கிழிந்து தொங்கியது. ரஹ்மத் பீவி எழுந்து வாசல் பக்கம் பார்த்தாள், சத்தியநேசன் இருக்கிறானா என்று. இல்லை.

"மதினி."

அவள் அப்படியே நின்றாள்.

"சமுத்திரத்துக்கு நாளைக்கு வண்டி குடுக்காதீங்க. கண்ணு சரியில்ல. நாலு நாளாப் பாக்கேன். வண்டிய உள்ள விடும்போது வாசத்தூணு ஒரு சாண் தள்ளித் தெரியுது அவனுக்கு. இப்ப மூணு வெரலக் காட்டினேன், ரெண்டுங்கான்."

"போன தடவை டாக்டர் நல்லாருக்குன்னு சொன்னாரே."

"அது தை மாசம். இது ஆடி."

"அவன்கிட்டச் சொல்லிட்டியா?"

அய்யூப் கிழிந்த பையைத் தொட்டுக்காட்டினான். "சொன்னேன். மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கான், அடுத்த மாசம். என்னையும் தின்னாத்தான் ஒனக்குப் பசி ஆறுமான்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான்."

ரஹ்மத் பீவி துப்பட்டியை எடுத்தாள். "புதுப்பட்டி வண்டிய நாளைக்கு யாரு எடுப்பா? கிருஷ்ணன்கோவில்ல ஒருத்தன் இருக்கான்னு சொன்னாங்க, நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு..."

"அது பொறவு. மொதல்ல சமுத்திரம் வீட்டுக்குப் போவோம்."

"இப்ப போனா அவன் பேசவா செய்வான்?"

"அவன் என்கிட்டயும் பேச மாட்டான், உங்ககிட்டயும் பேச மாட்டான்" என்றான் அய்யூப். "அவன் பொண்டாட்டி பேசும். வாங்க."